உங்கள் கவுண்டிக்கு எவ்வளவு ஆபத்து? வாசகர் கேள்வி – பதில்

புயல், வெள்ளம், நிலநடுக்கம், காட்டுத்தீ என்று ஒரு கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) இருக்கும் ஆபத்தை எப்படி அளப்பது, அளந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் (FEMA) தேசிய இடர் குறியீட்டில் நாங்கள் இருக்கும் பெரிய கவுண்டி ‘மிக அதிகம்’ என்று சிவப்பாகத் தெரிகிறது. நாற்பது மைல் தள்ளியிருக்கும் சின்னக் கவுண்டிக்கு ‘குறைவு’ என்று போட்டிருக்கிறது. அங்கே போய்விடுவதுதானே நல்லது? – வாசகர், டெக்சாஸ்

பதில்: நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த நிறம் சொல்வது கவுண்டி மொத்தத்துக்குமான இழப்பை. உங்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்பது அதில் இல்லை.

குறியீடு பனிச்சரிவு முதல் எரிமலை வரை 18 வகை அபாயங்களை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றாலும் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை டாலர் இழப்பு வரும் என்று கணக்கிட்டுக் கூட்டுகிறது. பிறகு அந்தத் தொகையை ஒரு பெருக்கியால் பெருக்குகிறது. மக்கள் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்ற அளவை, அந்தப் பகுதி எவ்வளவு வேகமாக மீண்டு எழும் என்ற அளவால் வகுத்தால் வருவதுதான் அந்தப் பெருக்கி. வறுமை, வயது, உடல் ஊனம், வீட்டில் கார் இல்லாமை, ஆங்கிலம் சரளமாக வராமை எல்லாம் முதல் அளவில் சேரும்.

தொடக்கமே மொத்த டாலராக இருப்பதால், கட்டடமும் ஆளும் அதிகமுள்ள கவுண்டி தானாகவே மேலே போய்விடும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி பட்டியலின் உச்சியில் இருப்பதற்கு நிலநடுக்கமும் காட்டுத்தீயும் எவ்வளவு காரணமோ, அங்கே குவிந்திருக்கும் கட்டட மதிப்பும் அவ்வளவு காரணம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பெரிய கவுண்டியில் கட்டடங்களின் மதிப்பு 20,000 கோடி டாலர், ஆண்டு இழப்பு 20 கோடி. சின்னக் கவுண்டியில் மதிப்பு 200 கோடி, இழப்பு 60 லட்சம். வரைபடத்தில் பெரியதுதான் சிவக்கும். ஆனால் விகிதம் என்ன? பெரியதில் 0.1 சதவீதம், சின்னதில் 0.3 சதவீதம். நாலு லட்சம் டாலர் பெறுமானமுள்ள வீட்டுக்குப் பெரியதில் ஆண்டுக்கு 400 டாலர், சின்னதில் 1,200. நீங்கள் பாதுகாப்பு என்று நினைத்துப் போகும் ஊரில் மூன்று மடங்கு!

ஆகவே குறியீட்டைத் திறந்ததும் மொத்த மதிப்பெண்ணைத் தாண்டிக் கீழே போங்கள். இழப்பு விகிதம் என்று தனியாக ஒரு வரிசை இருக்கும். எந்த அபாயம் எத்தனை டாலர் என்ற பிரிவும் இருக்கும். பிறகு கவுண்டியை விட்டு ‘சென்சஸ் டிராக்ட்’ (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் கவுண்டியைப் பிரித்த சிறு பகுதி) அளவுக்கு இறங்குங்கள். அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மீளும் திறன் கவுண்டி அளவில் மட்டுமே அளக்கப்படுகிறது. உள்ளேயிருக்கும் எல்லா டிராக்டுக்கும் அதே எண்ணைத்தான் போட்டிருப்பார்கள். பணக்காரப் பகுதிக்கும் ஏழைப் பகுதிக்கும் அதில் வித்தியாசமே தெரியாது.

கேள்வி: மெம்பிஸில் பல ஆண்டுகளாக இருக்கிறோம். பெரிய நிலநடுக்கம் என்று எதையும் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஷெல்பி கவுண்டிக்கு நிலநடுக்க ஆபத்து அதிகம் என்கிறார்களே? – வாசகி, டென்னசி

பதில்: நியூ மாட்ரிட் நிலநடுக்கப் பகுதி அங்கேதான் இருக்கிறது. 1811 டிசம்பரிலிருந்து 1812 பிப்ரவரி வரை அங்கே அடுத்தடுத்துப் பெரும் நடுக்கங்கள் வந்தன. மனிதர் நினைவும் அரசுப் பதிவேடும் போதாத இடம் இது. அதனால் நிலநடுக்கத்துக்கு ‘இதுவரை எத்தனை முறை வந்தது’ என்று எண்ணுவதோடு நிற்பதில்லை. அமெரிக்க நில அளவைத் துறையின் வரைபடத்தில், 50 ஆண்டில் 2 சதவீத வாய்ப்புள்ள அதிர்வு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அது சுமார் 2,475 ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு. கம்பி வைக்காமல் செங்கல்லில் மட்டும் கட்டிய பழைய கட்டடங்கள்தான் முதலில் விழும். வீடோ கடையோ வாங்கும்போது அதைப் பாருங்கள். வெந்நீர்த் தொட்டியைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீடு ஹாரிஸ் கவுண்டியில், வெள்ள வரைபடத்தில் ‘எக்ஸ்’ மண்டலத்தில் இருக்கிறது. வெள்ளக் காப்பீடு தேவையில்லை என்று முகவர் சொல்கிறார். ‘நூறாண்டு வெள்ளம்’ எங்கள் காலத்தில் வரவா போகிறது? – வாசகர், ஹூஸ்டன்

பதில்: முகவர் சொல்வதில் சட்டப்படி தவறில்லை. எக்ஸ் மண்டலத்தில், அதாவது நூறாண்டு வெள்ள மண்டலத்துக்கு வெளியே, வங்கிக் கடனுக்காகக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கட்டாயமில்லை என்பதைத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். போன ஆண்டு வந்ததால் இந்த ஆண்டு வராது என்பதில்லை. 30 ஆண்டு வீட்டுக் கடன் காலத்தில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். கணக்கு எளிது: வராமல் இருக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.99. அதை 30 முறை பெருக்கினால் 0.74. மிச்சம் 0.26. ஐந்நூறாண்டு வெள்ளத்துக்கும் இதே வழியில் போட்டால் கிட்டத்தட்ட 6 சதவீதம் வரும்.

2017-ல் ஹார்வி புயலில் உங்கள் கவுண்டியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அவற்றில் பெரும்பகுதி நூறாண்டு வெள்ள மண்டலத்துக்கு வெளியே இருந்தவை. காரணம், வரைபடம் ஆறும் ஓடையும் கரை தாண்டுவதைத்தான் முக்கியமாகக் காட்டுகிறது. தெருவில் விழுந்த மழை வடிகாலில் இறங்க முடியாமல் தேங்கி வீட்டுக்குள் வருவது அதில் வராது. சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகள், பொதுவாக ஒரு சதுர மைலுக்கும் குறைந்தவை, பல இடங்களில் ஆய்வுக்கே எடுக்கப்பட்டிருக்காது.

ஆகவே வீட்டை நேரில் அளந்து பாருங்கள். வாசற்படியின் மட்டம் தெருவின் நடுப்பகுதியைவிட எத்தனை அங்குலம் உயரம்? தெருவின் மிகத் தாழ்ந்த இடம் எது, அங்கே வடிகால் வாய் இருக்கிறதா, அதில் இலை அடைத்திருக்கிறதா? ஓடையைச் சாலை கடக்கும் இடத்தில் போட்டிருக்கும் குழாய் எவ்வளவு அகலம்? அந்தக் குழாய் மரக்கிளையால் அடைத்துக்கொண்டால் சாலையே அணையாகிவிடும். பின்னால் தேங்கும் நீர் எந்த வீட்டுக்குள் போகும் என்று அங்கே நின்று பார்த்தாலே தெரியும். பழைய உரிமையாளரிடம் எலிவேஷன் சர்டிஃபிகேட் (வீட்டின் உயரத்தை அளந்து தரும் சான்றிதழ்) இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் தரைத்தளத்தின் உயரமும், மண்டலத்துக்குக் குறித்திருந்தால் அடிப்படை வெள்ள உயரமும் (நூறாண்டு வெள்ளம் எட்டும் மட்டம்) இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் பாதுகாப்பு.

காப்பீட்டைப் பற்றி: தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர். பொருளுக்கான காப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பலர் கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். பொதுவாகப் பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். மெக்சிகோ வளைகுடாவில் புயல் உருவான செய்தி வந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

கேள்வி: எங்கள் கவுண்டியின் பேரிடர் தணிப்புத் திட்டக் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். ஆண்டு இழப்பைக் கணக்கிடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? எங்கே தவறு வரும்? – வாசகர், ஓஹையோ

பதில்: அடிப்படைக் கணக்கு மூன்று எண்களின் பெருக்கல்: அபாயத்தின் வழியில் இருக்கும் சொத்து மதிப்பு, அது ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது, ஒருமுறை வந்தால் மதிப்பில் எவ்வளவு பங்கு போகிறது. 500 கோடி டாலர் கட்டடங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒரு பெருங்காற்று, ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்தில் நாலு பங்கு சேதம் என்றால் ஆண்டு இழப்பு 10 லட்சம் டாலர். பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. தவறெல்லாம் பெருக்கப் போடும் எண்ணில்தான்.

நிகழ்வுகளுக்கு எல்லோரும் போவது அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் (NOAA) புயல் நிகழ்வுப் பதிவேட்டுக்கு. அது 1950-ல் தொடங்குகிறது, ஆனால் அப்போது சுழல்காற்று (டொர்னாடோ) மட்டும்தான். 1955-லிருந்து இடிமழைக் காற்றும் ஆலங்கட்டியும் சேர்ந்தன. மற்ற வகைகள் எல்லாம் முறையாக வருவது 1996-லிருந்துதான். 1950 முதல் எண்ணி 70 ஆல் வகுத்துப் பனிப்புயல் ஆண்டுக்கு எத்தனை முறை வரும் என்று கண்டால் விடை பாதிக்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு வகைக்கும் அதன் தொடக்க ஆண்டிலிருந்து வகுத்துக்கொள்ளுங்கள். சுழல்காற்று எண்ணிக்கை காலப்போக்கில் ஏறியது போலத் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். டாப்ளர் ராடார் வந்ததாலும், வெற்று வயலாக இருந்த இடத்தில் பார்க்க ஆட்கள் வந்ததாலும் சிறிய சுழல்கள் அதிகம் பதிவாகின்றன.

அடுத்தது இரட்டை எண்ணிக்கை. ஒரே புயல் மூன்று கவுண்டியைக் கடந்தால் மூன்று வரி இருக்கும். குளிரும் வெப்பமும் கவுண்டியாக அல்லாமல் முன்னறிவிப்பு மண்டலமாகப் பதிவாகும். நிகழ்வு எண் (EVENT_ID), தொடர் எண் (EPISODE_ID) என்று இரண்டு நெடுவரிசை இருக்கிறது. தொடர் எண்ணால் குழுவாக்கிப் பார்த்தால் எது ஒரே புயலின் துண்டு என்று விளங்கும்.

சேதத் தொகை ‘25.00கே’, ‘1.50எம்’ என்று எழுத்தோடு ஆங்கில முறையில் இருக்கும். கே என்றால் ஆயிரம், எம் என்றால் பத்து லட்சம். அதை எண்ணாக மாற்றாமல் கூட்டினால் மென்பொருள் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தொகை எல்லாம் அந்தந்த ஆண்டின் டாலரில் இருக்கிறது, பணவீக்கத்துக்கு நீங்கள்தான் திருத்த வேண்டும். பூஜ்யம் என்று இருப்பதைச் சேதமே இல்லை என்று நம்பிவிடாதீர்கள், தகவல் கிடைக்காமலும் பூஜ்யம் போட்டிருப்பார்கள்.

கடைசியாக, சராசரியின் சிக்கல். 28 ஆண்டில் 14 காற்று, மொத்தச் சேதம் 2.8 கோடி டாலர் என்று வையுங்கள். அதில் 13 காற்று தலா 5 லட்சம், ஒன்று மட்டும் 2.15 கோடி. அந்த ஒன்றோடு ஆண்டு இழப்பு 10 லட்சம், அது இல்லாமல் 2.3 லட்சம். அந்த ஒன்று உங்கள் கணக்கின் தொடக்க ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் வந்திருந்தால் கவுண்டியே பாதுகாப்பானதாகத் தெரியும். அதனால்தான் ஃபெமா ஒரு கவுண்டியின் இழப்பு விகிதத்தைச் சுற்றுப்பகுதியின், நாட்டின் விகிதத்தோடு கலந்து எடுக்கிறது. நீங்களும் பக்கத்துக் கவுண்டிகளைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே அடித்த காற்று எல்லைக்கோட்டைப் பார்த்து அடிக்கவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்த் திட்டத்தில் வெப்ப அலை பட்டியலின் கடைசியில் கிடக்கிறது. அது சரியா? – வாசகி, இல்லினாய்

பதில்: உங்கள் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாட்களில் வழக்கத்தைவிட 700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஒரு கூரை கூடப் பறக்கவில்லை, ஒரு சுவர் கூட விழவில்லை. டாலரில் மட்டும் அளந்தால் அந்த வாரம் ஒன்றுமே நடக்கவில்லை என்றாகும்.

தேசிய இடர் குறியீடு இதைச் சரிசெய்ய உயிருக்கும் ஒரு தொகை வைக்கிறது. 2023 பதிப்பில் ஓர் உயிரிழப்புக்கு 1 கோடியே 16 லட்சம் டாலர், பத்துக் காயம் சேர்ந்தால் ஓர் உயிருக்குச் சமம். மனிதருக்கு விலை வைப்பது மனதுக்கு உறுத்தலாகத்தான் இருக்கும். ஆனால் வைக்காவிட்டால் கணக்கில் அவர்கள் பூஜ்யமாகிவிடுகிறார்கள், அது அதைவிடக் கொடுமை.

இன்னும் ஓர் ஓட்டை உண்டு. வெப்பத்தால் இறந்தவரின் சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பு என்றே எழுதியிருக்கும். ஆகவே பதிவேட்டை நம்பாமல், கவுண்டிச் சுகாதாரத் துறையிடம் நாள்வாரி மரண எண்ணிக்கையைக் கேளுங்கள். வெப்ப அலை வந்த வாரத்தையும் அதற்கு அடுத்த வாரத்தையும், முந்தைய ஐந்து ஆண்டுகளின் அதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். மிகுதியாக வருவதுதான் உண்மையான பாதிப்பு. வரைபடத்தில் குறிக்க வேண்டியவர்கள்: தனியாக வாழும் முதியோர், மேல்மாடிக் குடியிருப்பில் இருப்போர், குளிர்சாதனம் இல்லாதவர், இருந்தும் மின்கட்டணத்துக்குப் பயந்து போடாதவர். கதவைத் தட்டிப் பார்க்க யார் போவது என்று பெயரும் தெருவும் எழுதாத வெப்பத் திட்டம் வெறும் காகிதம்.

கேள்வி: தணிப்புத் திட்டத்தின் வரைவு கருத்துக்காக வந்திருக்கிறது. 300 பக்கம். ஒரு சாதாரண ஆள் எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது? – வாசகர், வட கரோலினா

பதில்: 2000-ஆம் ஆண்டின் பேரிடர் தணிப்புச் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இதைப் புதுப்பித்து ஃபெமாவின் ஒப்புதல் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் தணிப்பு நிதிக்குக் கவுண்டி விண்ணப்பிக்க முடியாது. ஒப்புதலுக்கு முன் மக்கள் கருத்து கேட்பதும் விதி. உங்கள் கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறது, எழுதுங்கள்.

முதலில் மதிப்பெண் அட்டவணையைத் தேடுங்கள். பல திட்டங்களில் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5 என்று போட்டுப் பெருக்கியிருப்பார்கள். எப்போதோ வந்து ஊரையே தரைமட்டமாக்கும் நிலநடுக்கம் 1 பெருக்கல் 5. ஆண்டுதோறும் வந்து நாலு கார்க் கண்ணாடியை உடைக்கும் ஆலங்கட்டி 5 பெருக்கல் 1. இரண்டும் ஐந்து! இப்படி ஒரு அட்டவணை மட்டும் இருந்து, அதன் கீழே டாலரும் ஆள் எண்ணிக்கையும் இல்லையென்றால் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பிறகு ‘வெள்ள மண்டலத்தில் இத்தனை கட்டடம்’ என்ற வரி. அது எப்படி எண்ணப்பட்டது? மனையின் எல்லை மண்டலத்தைத் தொட்டாலே சேர்த்திருந்தால், கொல்லைப்புற ஓடைக்கு நூறடி மேலே நிற்கும் வீடும் கணக்கில் வந்துவிடும். மனையின் மையப்புள்ளியை வைத்து எண்ணியிருந்தால், ஆற்றங்கரையில் வீட்டைக் கட்டி மேட்டில் தோட்டம் வைத்திருப்பவர் விடுபட்டுவிடுவார். கட்டடத்தின் தரைவடிவத்தை வைத்து எண்ணுவதே சரி. மொபைல் ஹோம்கள் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடுகள்) சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல மாநிலங்களில் அவை வாகனம்போல் பதிவாவதால் சொத்துவரிப் பட்டியலில் கட்டடமாக வருவதில்லை. காற்றுக்கும் வெள்ளத்துக்கும் முதலில் பலியாவது அவைதான், முதலில் விடுபடுவதும் அவைதான்.

மூன்றாவது, ஒன்றை நம்பி ஒன்று நிற்கும் வசதிகள். மருத்துவமனை வெள்ள மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அதற்குத் தண்ணீர் தரும் குழாய் எங்கே ஓடுகிறது? 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலில் ஆஷ்வில் நகரின் பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து வரும் குழாய்கள், மாற்றாகப் பதித்திருந்த குழாய் உட்பட, அடித்துச் செல்லப்பட்டன. குடிக்கத்தக்க நீர் மீண்டும் குழாயில் வர 53 நாள் ஆனது. மாற்று என்று வைத்தது அதே பள்ளத்தாக்கில் போனால் அது மாற்றாகாது. திட்டத்தில் ஒவ்வொரு முக்கிய வசதிக்கும் மின்சாரம், தண்ணீர், சாலை, தொலைத்தொடர்பு நான்கும் எந்த வழியாக வருகின்றன, ஜெனரேட்டருக்கு எத்தனை நாள் எரிபொருள், அந்த ஜெனரேட்டர் நிலத்தடித் தளத்தில் இருக்கிறதா என்று எழுதியிருக்க வேண்டும்.

வெளியேறும் பாதையையும் விடாதீர்கள். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பியூட் கவுண்டியில் பாரடைஸ் ஊரைத் தீ சூழ்ந்தபோது சாலைகள் நெரிசலில் நின்றுபோயின. 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். எத்தனை வீட்டுக்கு எத்தனை வழி, ஒரு வழி அடைபட்டால் மிச்ச வழியில் எல்லோரும் வெளியேற எத்தனை மணி நேரம் ஆகும், கார் இல்லாதவரை யார் ஏற்றுவது? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாவிட்டால் வரைவைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கணக்கை வைத்துப் போட்ட ஆபத்து இனி வரும் காலத்துக்குப் பொருந்துமா? – வாசகர், ஆஸ்டின்

பதில்: முழுதாகப் பொருந்தாது. நோவாவின் ‘அட்லஸ் 14’ மழை அளவுகள் 2018-ல் டெக்சாஸுக்குத் திருத்தப்பட்டபோது, ஹூஸ்டன் பகுதியில் ஒருநாள் நூறாண்டு மழை சுமார் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக ஏறியது. ‘ஐந்நூறாண்டு’ என்று இருந்தது பல இடத்தில் ‘நூறாண்டு’ ஆகிவிட்டது. உங்கள் வெள்ள வரைபடத்தின் ஓரத்தில் அது நடைமுறைக்கு வந்த தேதி இருக்கும். 2018-க்கு முந்தையது என்றால் பழைய மழைக்கு வரைந்தது என்று எடுத்துக்கொண்டு, மண்டல எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் உள்ளே இருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். எச்சரிக்கை வந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? – வாசகி, ஓக்லஹோமா

பதில்: கைப்பேசி எச்சரிக்கை தமிழில் வராது, ஒலியை வைத்துத்தான் பழக்க வேண்டும். மின்கலத்திலும் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கி உங்கள் கவுண்டிக்கு மட்டும் அலறும்படி வையுங்கள். அதற்கு ஆறிலக்க எண் கொடுக்க வேண்டும்: முதலில் 0, பிறகு மாநிலத்தின் இரண்டு இலக்கம், பிறகு கவுண்டியின் மூன்று இலக்கம். ஹாரிஸ் கவுண்டிக்கு 048201, சிகாகோ இருக்கும் குக் கவுண்டிக்கு 017031 என்று வரும். உங்களுடையதைத் தேசிய வானிலைச் சேவையின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். எண் போடாமல் விட்டால் சுற்றியிருக்கும் எல்லாக் கவுண்டிக்கும் அலறும், மூன்றாம் நாள் அப்பா மின்இணைப்பைப் பிடுங்கிவிடுவார். உங்கள் மேற்கே இருக்கும் கவுண்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சுழல்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவதால் சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

வாராந்திரச் சோதனை ஒலி பெரும்பாலும் புதன்கிழமை பகலில் வரும். அந்த நேரத்தில் அவர்களோடு இருந்து, ஒலி கேட்டதும் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, சன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது வரை நாலைந்து முறை நடத்திக் காட்டுங்கள். அந்த அறையில் தண்ணீர், மாத்திரைப் பெட்டி, கைவிளக்கு, விசில், தமிழில் எழுதிய உங்கள் தொலைபேசி எண், காவலரிடம் காட்ட ஆங்கிலத்தில் எழுதிய முகவரி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.